புழு இல்லாத புழுவெட்டு

பெரும்பாலும் அதை முதலில் கண்டுபிடிப்பவர் முடிவெட்டுகிறவர்தான். பின்மண்டையில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்த கை சட்டென்று நிற்கும். "அண்ணே, இங்க பூச்சிவெட்டு விழுந்திருக்கு, பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டுவார். நாணயத்தை வைத்துச் சுற்றி வரைந்ததுபோல ஒரு வட்டம். உள்ளே ஒரு முடிகூட இல்லை. தோல் குழந்தையின் கன்னம்போல வழவழவென்று இருக்கும். அரிப்பில்லை, செதில் இல்லை, வலியில்லை. என்றைக்கு வந்தது என்று யாருக்கும் தெரியாது.

பெண்பிள்ளைகள் என்றால் தலைபின்னும் அம்மாவின் விரலுக்குத்தான் முதலில் தட்டுப்படும். என் அக்கா மகளுக்கு ஒன்பது வயதில் அப்படித்தான் தெரியவந்தது. மறுநாள் காலையில் தலையணை உறைகளெல்லாம் வெந்நீரில் ஊறின. மெத்தை மொட்டைமாடி வெயிலுக்குப் போனது. பக்கத்து வீட்டு ஆச்சி சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்க்கச் சொன்னார். ஊரிலிருந்து பெரியப்பா ஆற்றுத்தும்மட்டிக்காய் தேடிப் பறித்து அனுப்பினார். பள்ளியில் பக்கத்தில் உட்காரும் சிநேகிதி, ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். முடி போனதற்கு அழாத குழந்தை அதற்கு அழுதாள்.

இதெல்லாம் புழுவெட்டு என்ற ஒரு பெயர் செய்த வேலை. புழு என்றதும் அழுக்கு நினைவுக்கு வருகிறது. அழுக்கிலிருந்து தொற்றுக்கும், தொற்றிலிருந்து தள்ளிவைப்பதற்கும் மனம் தானாகவே போய்விடுகிறது. ஆனால் அந்த வட்டத்துக்குள் எந்தப் புழுவும் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அவள் முடியை வெட்டியவை அவளுடைய ரத்தத்தில் ஓடும் வெள்ளணுக்கள். காய்ச்சலிலிருந்தும் சளியிலிருந்தும் அவளை அன்றாடம் காப்பாற்றிக்கொண்டிருக்கும் அதே அணுக்கள்.

காரணம் பிடிபடாத இடத்தில் மனிதர்கள் ஏதோ ஓர் உயிரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். நமக்குப் புழு. சீனத்தில் இதைப் "பேய் மழித்த தலை" என்பார்கள். கிரேக்கர்களுக்கு நரி. சொறிபிடித்த நரியின் உடம்பில் முடி கொட்டுவதைப் பார்த்து, நரியைக் குறிக்கும் சொல்லிலிருந்து அலோபீசியா என்ற பெயரை உண்டாக்கினார்கள். முதல் நூற்றாண்டில் ரோமானியரான செல்சஸ், பிடரியைச் சுற்றி வளைந்து போகும் ஒருவகை முடியுதிர்வை விவரித்தார். பாம்பைக் குறிக்கும் சொல்லால் மருத்துவர்கள் இன்றும் அதை அழைக்கிறார்கள். 1763-ல் பிரெஞ்சு மருத்துவர் சோவாஜ் வைத்த அலோபீசியா அரியேட்டா என்ற பெயர்தான் இன்றைக்கும் மருத்துவச் சீட்டில் எழுதப்படுகிறது. ஜப்பானியர்கள் மட்டும் எந்தப் பிராணியையும் இழுக்காமல் "பத்து யென் வழுக்கை" என்று நாணயத்தின் பெயரைச் சொல்லி விட்டுவிட்டார்கள். நேர்மையான பெயர் அது.

நூற்றில் இரண்டு பேர் வரை வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்த வட்டத்தைப் பார்க்கிறார்கள். ஆண், பெண், குழந்தை, கிழவர் என்ற வேறுபாடு இல்லை. பலருக்கு ஒரே வட்டத்தோடு முடிந்துவிடும். சிலருக்கு வட்டங்கள் சேர்ந்து தலை முழுவதும் போகும். இன்னும் சிலருக்குப் புருவம், இமை, தாடி, கை ரோமம் என்று எதுவுமே மிஞ்சாது. 2002 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டத்தின் நடுவர் பியர்லூயிஜி கொலினாவின் முகத்தை நினைத்துப் பாருங்கள். இருபத்துநான்கு வயதில் வந்த இந்த நோய்தான் அந்தப் புருவமில்லாத முகத்தை அவருக்குக் கொடுத்தது.

வெள்ளணுக்கள் எதற்காக முடியின் மேல் பாய வேண்டும்? இதற்கு விடை சொல்ல முடிக்குள் போக வேண்டியதில்லை. முடி செத்த பொருள். உயிர் இருப்பது அதற்குக் கீழே, தோலுக்குள் புதைந்திருக்கும் மயிர்க்காலில்.

நம் தலையில் சுமார் ஒரு லட்சம் மயிர்க்கால்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியாக விளைந்து, ஓய்ந்து, மறுபடி விளையும் வயல். வளரும் பருவம் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள். அப்போது மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளும். அதன்பின் இரண்டு மூன்று வாரம் சுருங்கி, மூன்று மாதம்போல ஓய்வெடுத்துப் பழைய முடியை உதிர்த்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். எந்த நேரத்திலும் பத்தில் ஒன்பது பங்கு வளரும் பருவத்திலேயே இருக்கும். அதனால்தான் தினமும் ஐம்பது நூறு முடி சீப்பில் வந்தாலும் தலை காலியாவதில்லை.

வளரும் பருவத்தில் மயிர்க்காலின் அடியில் வெங்காயம்போல ஒரு குமிழ் பருக்கும். செல்கள் அங்கே அசுர வேகத்தில் பெருகும், கறுப்பு நிறமியும் அங்கேதான் தயாராகும். இந்த வேர்க்குமிழ் உடம்பின் மற்ற இடங்களைப்போல் இல்லை. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணுக்குப் படாமல் ஒளிந்துகொண்டே வேலை செய்கிறது.

உடம்பில் ஏறக்குறைய எல்லாச் செல்லும் தனக்குள் என்ன தயாராகிறது என்பதை வெளியே காட்டியாக வேண்டும். உள்ளே உருவாகும் புரதங்களின் சிறு துண்டுகளை எடுத்துத் தன் மேற்பரப்பில் ஒரு தாங்கியில் வைக்கும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுபோல, டி செல்கள் என்ற காவல் வெள்ளணுக்கள் வாசல் வாசலாக நின்று அந்த ஒரு பருக்கையைப் பதம் பார்த்துக்கொண்டே போகும். பருக்கை வழக்கமானதாக இருந்தால் நகர்ந்துவிடும். வைரஸ் புகுந்த செல்லாக இருந்தால் அந்தப் பருக்கையே காட்டிக்கொடுத்துவிடும். செல்லோடு சேர்த்து அழித்துவிடுவார்கள் காவலர்கள். கொடூரம்போலத் தெரிந்தாலும் நாம் உயிரோடு இருப்பது இந்தச் சோதனையால்தான்.

வேர்க்குமிழ் இந்தப் பருக்கையை வாசலில் வைப்பதே இல்லை, அல்லது மிகக் குறைவாக வைக்கிறது. எதையும் காட்டாத வீட்டைச் சந்தேகப்பட்டு உடைக்கும் வேறொரு வகைக் காவலர்களும் உடம்பில் உண்டு. அவர்களையும் சாந்தப்படுத்தும் வேதிப்பொருள்களைக் குமிழ் தன்னைச் சுற்றிச் சுரந்துகொள்கிறது. கண், மூளை, விந்தகம், கர்ப்பப்பையில் இருக்கும் சிசு ஆகியவற்றுக்கும் இதுபோன்ற விலக்கு உண்டு. பார்வையும் பிள்ளைப்பேறும் இருக்கும் பட்டியலில் முடிக்கும் ஓர் இடம் என்பது எனக்கு முதன்முதலில் படித்தபோது நம்பமுடியாததாக இருந்தது.

இந்த விலக்கு உண்மையா என்று சோதித்தவர் ரூபர்ட் பில்லிங்ஹாம். 1971-ல் அவர் வெள்ளைக் கினிப்பன்றிகளின் உடம்பில் கறுப்புக் கினிப்பன்றிகளின் தோலை ஒட்டினார். அந்நியத் தோலை உடம்பு நிராகரிப்பது வழக்கம், இங்கும் அது அழிந்தது. ஆனால் பிறகு அதே இடத்தில் வெள்ளை விலங்கின் சொந்த மயிர்க்கால்களிலிருந்து கறுப்பு முடி முளைத்தது. கொடுத்த விலங்கின் நிறமிச் செல்கள் சில, மயிர்க்கால்களுக்குள் புகுந்து ஒளிந்து தப்பித்திருந்தன. 1999-ல் மனிதர்களிலேயே இன்னொரு சோதனை நடந்தது. ஓர் ஆணின் தலையிலிருந்து எடுத்த மயிர்க்கால் உறைச் செல்களை ரத்த உறவில்லாத ஒரு பெண்ணின் முன்கையில் வைத்தார்கள். அங்கே புதிதாக முடி முளைத்தது. அவள் உடம்பு அதை நிராகரிக்கவில்லை.

புழுவெட்டு என்று நாம் சொல்லும் நோயில் உடைவது இந்த ஒளிவிடம்தான்.

முதல் பொறி எங்கிருந்து விழுகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறலாம். பொறி விழுந்தபின் நடப்பது நன்றாகவே புரிந்திருக்கிறது. இன்டர்ஃபெரான் காமா என்ற எச்சரிக்கைப் புரதம் குமிழைச் சுற்றிப் பெருகுகிறது. "எல்லாரும் பருக்கையை வெளியே வையுங்கள்" என்று அது போடும் உத்தரவுக்கு, இத்தனை காலம் வாசலைச் சாத்தியிருந்த குமிழும் பணிந்துவிடுகிறது. அதுவரை பார்த்திராத பருக்கைகளைப் பார்த்த டி செல்கள் அவற்றை அந்நியம் என்று முடிவு செய்து குவிகின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் வேர்க்குமிழைச் சுற்றி அடர்ந்து மொய்த்திருக்கும். மருத்துவ நூல்கள் அதைத் தேனீக்கூட்டம் என்றே வருணிக்கின்றன. வந்த செல்கள் இன்னும் இன்டர்ஃபெரானைச் சுரக்கின்றன. மிரண்டுபோன குமிழ் பதிலுக்கு வேறொரு புரதத்தைச் சுரக்க, அது மேலும் டி செல்களை அழைக்கிறது. இந்தச் சுழல் தானாக நிற்பது கடினம்.

முற்றுகையிடப்பட்ட குமிழில் முடி பாதியில் மெலிந்து ஒடிகிறது. வட்டத்தின் ஓரத்தில் உற்றுப் பார்த்தால், மேலே தடித்துக் கீழே ஊசியாகக் குறுகிய குட்டை முடிகள் நிற்கும். ஆச்சரியக்குறி முடிகள் என்றுதான் அவற்றுக்குப் பெயர். சிலருக்கு நகத்திலும் குண்டூசியால் வரிசையாகக் குத்தியதுபோல் குழிகள் விழும். நகம் பார்க்காத மருத்துவர் பாதிதான் பார்த்திருக்கிறார் என்பேன்.

இது வெறும் கோட்பாடு இல்லை என்பதை நேரடியாகக் காட்டியவர்கள் இஸ்ரேலின் டெக்னியானைச் சேர்ந்த அமோஸ் கில்ஹாரும் அவருடைய குழுவும். நோயாளிகளின் தலையில் முடி போன இடத்துத் தோலைச் சிறிது எடுத்து, எதிர்ப்பாற்றலே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் மேல் ஒட்டினார்கள். தாக்குவதற்கு ஆளில்லாத அந்த உடம்பில் முடி மறுபடி வளர்ந்தது. அந்தத் தோலுக்குள் அதே நோயாளியின் டி செல்களைச் செலுத்தியதும் முடி திரும்பக் கொட்டியது. 1998-ல் வெளியான இந்தச் சோதனையில் ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்கள் நிரூபணமாயின. வெட்டியது டி செல். வெட்டப்பட்ட வயல் சாகவில்லை.

இன்னொரு தடயமும் உண்டு. இந்த நோய் நரைமுடியைப் பெரும்பாலும் தொடுவதில்லை. கறுப்பும் வெள்ளையும் கலந்த தலையில் கறுப்பை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டுப் போகும். அதிர்ச்சியில் ஒரே இரவில் தலை நரைத்துப்போனவர்களின் கதைகள் பல நாடுகளில் உண்டு. பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத் பெயரில் ஒரு நோய்க்குறியே இருக்கிறது. முளைத்த முடி திடீரென்று வெளுக்க வழியில்லை. கறுப்பு முடிகள் மட்டும் வேகமாகக் கொட்டி, ஏற்கெனவே இருந்த நரை மட்டும் மிஞ்சியிருந்தால் பார்ப்பவருக்கு அப்படித்தான் தெரியும். அதேபோல் வட்டத்தில் திரும்ப முளைக்கும் முடி முதலில் வெள்ளையாகவே வரும், கறுப்பாக மாதங்கள் பிடிக்கும். ஆகவே காவலர்கள் சந்தேகிக்கும் பருக்கை நிறமி தயாரிப்போடு தொடர்புள்ளது என்பது வலுவான ஊகம். வெண்புள்ளி வந்தவர்களுக்கும் தைராய்டைத் தன் எதிர்ப்பு மண்டலமே தாக்கியவர்களுக்கும் இந்த வட்டங்கள் கூடுதலாக வருவதும் இவை ஒரே குடும்பத்து நோய்கள் என்பதைக் காட்டுகிறது. இதனால் மருத்துவர் தைராய்டு பரிசோதனை எழுதித் தருவதுண்டு. முடிக்காக பயோட்டின் மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் அதை அப்போது மறக்காமல் சொல்லிவிட வேண்டும். ரத்தத்தில் மிகுந்த பயோட்டின், தைராய்டு முடிவுகளைத் தவறாகக் காட்டிவிடும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்தாக வேண்டும், ஏனென்றால் அது பணத்தையும் காலத்தையும் தின்கிறது. "உடம்பில் எதிர்ப்பு சக்தி குறைஞ்சுபோச்சு, அதான் முடி கொட்டுது" என்று சொல்லாதவர்கள் இல்லை. கொரோனா காலத்துக்குப் பிறகு எதிர்ப்பு சக்தி என்பது எவ்வளவு ஏற்றினாலும் நல்லது என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. புழுவெட்டில் எதிர்ப்பு சக்தி குறையவில்லை. அது தவறான வாசலில் போய் நிற்கிறது. அதை இன்னும் கூட்டுவதாகச் சொல்லும் பொடிக்கும் லேகியத்துக்கும் இங்கே வேலையில்லை. மருத்துவர்கள் கொடுக்கும் மருந்துகள் ஏறக்குறைய எல்லாமே அதைத் தணிப்பவை, அல்லது வேறு பக்கம் திருப்புபவை.

அதற்காக எதிர்ப்பு மண்டலம் முடிக்கு விரோதி என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. டி செல்களிலேயே கட்டுப்படுத்தும் டி செல்கள் என்று ஒரு பிரிவு உண்டு. மற்ற காவலர்களை அடக்கி வைப்பது அவற்றின் வேலை என்றுதான் நினைத்திருந்தார்கள். சான்ஃபிரான்சிஸ்கோவில் மைக்கேல் ரோசன்பிளம் ஆய்வகத்தினர் 2017-ல் எலிகளின் தோலிலிருந்து அவற்றை நீக்கிப் பார்த்தபோது, மழித்த இடத்தில் முடி திரும்ப வளரவே இல்லை. ஓய்ந்திருக்கும் மயிர்க்காலைத் தட்டி எழுப்புவதிலும் அவற்றுக்குப் பங்கு இருக்கிறது. வெட்டுவதும் வளர்ப்பதும் ஒரே சேனையின் இரு பிரிவுகள்.

முடி கொட்டுகிறவர் எல்லோருக்கும் எதிர்ப்பு மண்டலம் காரணமில்லை. டைபாய்டு வந்தால் முடி கொட்டும் என்று பாட்டிகள் சொல்வார்கள், அது சரிதான். டெங்கு, கொரோனா, பிரசவம், பெரிய அறுவை சிகிச்சை எதுவானாலும் உடம்பு அதிர்ந்தால் மயிர்க்கால்கள் கூட்டமாக ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக்கொத்தாக உதிரும். பிறகு தானே வளரும். ஆண்களுக்கு நெற்றியும் உச்சியும் ஏறுவது ஹார்மோனும் பரம்பரையும் சேர்ந்து செய்வது. குழந்தைகளுக்குத் தலையில் செதிலும் அரிப்புமாக முடி ஒடிந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். அது மட்டும் உண்மையிலேயே ஒட்டும், அதற்கு வாய்வழியாகப் பூஞ்சை மருந்து வேண்டும். வழவழப்பான வட்டத்தையும் செதிலான வட்டத்தையும் வீட்டில் ஒன்றாக எண்ணி ஒரே வைத்தியம் பார்ப்பதுதான் தவறு.

இதையெல்லாம்விட முக்கியமான ஒரு பிரிவினை இருக்கிறது. அதை இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் தாமதித்தால் திரும்ப வழியில்லை.

மயிர்க்காலின் மேற்பாதியில், எண்ணெய்ச் சுரப்பிக்குச் சற்றுக் கீழே, கவனிக்காவிட்டால் தெரியாத ஒரு சிறு புடைப்பு இருக்கிறது. வளர்ச்சிக்கான மூலச் செல்கள் அடியில் உள்ள குமிழில்தான் இருக்கும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஜார்ஜ் கோட்சரேலிஸ் முதலியோர் 1990-ல் எலிகளில் தேடியபோது அவை இந்தப் புடைப்பில் இருந்தன. அவற்றைக் குருத்தணுக்கள் என்கிறோம். விவசாயிகளின் வார்த்தையில் சொன்னால் விதைநெல். குமிழ் ஒவ்வொரு போகத்துக்கும் விளைந்து அறுப்பாகும் பயிர். புழுவெட்டில் டி செல்கள் அழிப்பது பயிரை. மேலே கோட்டையில் விதைநெல் பத்திரமாக இருக்கிறது. அதனால்தான் பத்து வருடம் வழுக்கையாக இருந்த தலையிலும் தாக்குதல் ஓய்ந்தால் முடி வர முடிகிறது.

சில தன்னெதிர்ப்பு நோய்களில் வெள்ளணுக்கள் புடைப்பையே தாக்குகின்றன. லூபஸ் நோயின் தோல் வகை ஒன்று அப்படி. லைக்கன் பிளானோபைலாரிஸ் என்பது இன்னொன்று. 1994-ல் ஆஸ்திரேலியாவில் ஸ்டீவன் கொஸார்ட் முதலில் விவரித்த ஒருவகை, பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நெற்றிமுடி வரிசையை வருடத்துக்கு வருடம் பின்னுக்குத் தள்ளும், புருவத்தையும் எடுத்துக்கொள்ளும். இவற்றில் விதைநெல் போய்விடுகிறது. இருந்த இடத்தில் தழும்பு மூடிக்கொள்ளும். தோலில் மயிர்க்கால்களின் துளைகளே மறைந்து, காகிதம்போல் பளபளக்கும். போனது போனதுதான், மீதியைக் காப்பாற்றுவது மட்டுமே வைத்தியம். ஆகவே தலையில் எரிச்சல், வலி, முடியைச் சுற்றிச் சிவப்பு, துளை தெரியாத பளபளப்பு என்று எது இருந்தாலும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. அந்த வாரமே தோல் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

அக்கா மகளை நாங்கள் அழைத்துப்போன மருத்துவர் முதலில் செய்ததும் இந்தப் பிரிவினையைத்தான். டார்ச்போல இருந்த ஒரு பூதக்கண்ணாடிக் கருவியை வட்டத்தின் மேல் வைத்துத் திரையில் காட்டினார். வெறுமையாக எங்களுக்குத் தெரிந்த இடம் முழுக்க வரிசை வரிசையாக மஞ்சள் புள்ளிகள், இடையிடையே கறுப்புப் புள்ளிகள். "ஒவ்வொண்ணும் ஒரு மயிர்க்கால். எல்லாமே இருக்கு" என்றார். "புழு எங்க?" என்று கேட்டாள் அவள். அவர் சிரிக்காமல், திரையில் தேடிப் பார்த்துச் சொல்லும்படி அவளிடமே கருவியைக் கொடுத்தார். அவளும் தேடினாள்.

வெங்காயத்தைப் பற்றி ஆச்சிக்கு நியாயம் செய்ய வேண்டும். ஈராக்கின் தோல் மருத்துவர்கள் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், தினம் இருவேளை வெங்காயச் சாறு தடவிய 23 பேரில் 20 பேருக்கு ஆறு வாரத்தில் முடி வந்தது. வெறும் தண்ணீர் தடவிய 15 பேரில் இருவருக்குத்தான் வந்தது. சிறிய ஆய்வு. மேலும் எது வெங்காயம் என்று மூக்குக்குத் தெரிந்துவிடும் என்பதால் முடிவை முழுக்க நம்பவும் முடியாது. ஒன்றிரண்டு வட்டங்கள் மட்டும் உள்ளவர்களில் பாதிப்பேர் வரை ஓர் ஆண்டுக்குள் மருந்தே இல்லாமல் குணமாகிறார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனாலும் வெங்காயத்துக்குப் பின்னால் ஒரு தருக்கம் இருக்கலாம். டைஃபென்சைப்ரோன் என்ற வேதிப்பொருளை மருத்துவர்கள் வாரம் ஒருமுறை தலையில் தடவி, வேண்டுமென்றே லேசான ஒவ்வாமையை உண்டாக்குகிறார்கள். தோலின் மேற்பரப்பில் புதிய சண்டை மூண்டதும் வேரைச் சுற்றி நின்ற கூட்டம் கலைந்துபோகிறது. வெங்காயத்தின் காரமும் சிறிய அளவில் அதைச் செய்கிறதோ என்று கருத இடமுண்டு. ஆனால் தோல் புண்ணாகிக் கொப்புளிக்கும்வரை எதையும் தேய்ப்பது ஆபத்து. புண் ஆழமானால் தழும்பாகும், தழும்பு விதைநெல்லைத் தின்னும். மொட்டையடிப்பது வேண்டுதலுக்கு நல்லது, நோய்க்கு அதனால் லாபமுமில்லை நஷ்டமுமில்லை. கத்தி படுவது செத்த முடியில், சண்டை நடப்பது நான்கு மில்லிமீட்டர் கீழே.

சிறு வட்டங்களுக்கு மருத்துவர்கள் முதலில் எடுப்பது ஸ்டீராய்டு. பெரியவர்களுக்கு வட்டத்துக்குள்ளேயே நுண்ணூசியால் போடுவார்கள், குழந்தைகளுக்குத் தடவுவதற்குக் கொடுப்பார்கள். தலை முழுவதும் போனவர்களுக்கு நெடுங்காலம் நம்பிக்கையாகச் சொல்ல எதுவும் இருந்ததில்லை. அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஏஞ்சலா கிறிஸ்டியானோ. தோல் மரபணு ஆய்வாளரான அவருக்கே இந்த நோய் வந்தது. அவருடைய குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2010-ல் வெளியிட்ட முடிவில், நோயுற்ற மயிர்க்கால்கள் தம் மேல் ஓர் ஆபத்துக் கொடியை ஏற்றிக்கொள்வதற்கான மரபணுத் தடயம் கிடைத்தது. அந்தக் கொடியைத் தேடி வரும் டி செல் வகைதான் கூட்டத்தின் தலைமை. முடக்குவாதம், முதல்வகை நீரிழிவு ஆகிய நோய்களோடு பொதுவான மரபணுக்களும் தென்பட்டன. அப்படியானால் முடக்குவாதத்துக்கு வந்திருக்கும் புதிய மருந்துகள் இங்கும் உதவுமா என்று கேட்பது அடுத்த படி.

உதவின. இன்டர்ஃபெரான் செல்லின் வாசலில் வந்து மணி அடிக்கிறது என்றால், அந்தச் சத்தத்தை உள்ளே எடுத்துச் செல்லும் கம்பி ஜாக் என்ற நொதிகள். வாசல்களுக்குரிய ரோமானியத் தெய்வமான ஜானஸின் பெயர் அவற்றுக்கு. கம்பியைத் துண்டித்தால் மணி அடித்தும் கதவு திறக்காது. 2014-ல் கொலம்பியா குழு எலிகளிலும் மூன்று நோயாளிகளிலும் இதைக் காட்டியது. அதே ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தில் பிரெட் கிங், உடம்பில் ஒரு முடிகூட இல்லாத 25 வயது இளைஞர் ஒருவருக்கு டோஃபாசிட்டினிப் கொடுத்தார். எட்டு மாதத்தில் தலை, புருவம், இமை, தாடி எல்லாம் வந்தன. 2022 ஜூனில் பாரிசிட்டினிப் கடுமையான அலோபீசியா அரியேட்டாவுக்கென்றே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஓராண்டு கழித்து, 12 வயது நிரம்பிய பிள்ளைகளும் எடுத்துக்கொள்ளக்கூடிய ரிட்லிசிட்டினிப் வந்தது.

கூட்டிச் சொல்லக் கூடாது. பாரிசிட்டினிப் சோதனைகளில் உயர் அளவு எடுத்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானோர்க்குத்தான் 36 வாரத்தில் தலையின் 80 விழுக்காட்டுக்கு மேல் முடி நிரம்பியது. மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது ஏறக்குறைய இருபதில் ஒருவர். நிறுத்தினால் பெரும்பாலோர்க்குத் திரும்பக் கொட்டிவிடுகிறது. கம்பியைத் துண்டிப்பது முடிக்கு மட்டும் நடப்பதில்லை, தொற்றை எதிர்க்கும் சக்தியும் குறையும். கடுமையான தொற்று, ரத்த உறைவு, இதயக் கோளாறு, புற்று ஆகியவற்றுக்கு எச்சரிக்கை அட்டையிலேயே இருக்கிறது. நம் நாட்டில் காசநோய்க் கிருமி பலருடைய நுரையீரலில் தூங்கிக்கொண்டிருப்பதால், தொடங்கும் முன் அந்தப் பரிசோதனையைச் செய்யாமல் இந்த மாத்திரையை யாரும் தொடக் கூடாது. டோஃபாசிட்டினிப்பின் மலிவான வகைகள் இங்கே கிடைக்கின்றன, மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கேட்டு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

"எதையாவது நினைச்சுக் கவலைப்பட்டிருப்பே" என்று நோயாளியிடம் சொல்வதையும் விட்டுவிடலாம். மன அழுத்தம் இந்த நோயைத் தூண்டுகிறதா என்ற கேள்விக்கு ஆய்வுகள் ஒரே விடையைத் தரவில்லை. முடி போனதால் வரும் துயரம் மட்டும் எல்லா ஆய்விலும் இருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் அயானா பிரெஸ்லி 2020-ல் விக்கைக் கழற்றித் தன் தலையை எல்லோருக்கும் காட்டினார். ஒரு நாடாளுமன்ற உறுப்பினருக்கே அதற்கு அவ்வளவு துணிச்சல் தேவைப்பட்டது என்றால், நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு எவ்வளவு தேவைப்படும்?

அக்கா பள்ளிக்குப் போய் வகுப்பு ஆசிரியையிடம் ஒரு மணிநேரம் பேசினாள். சிநேகிதியின் அம்மாவிடமும் பேசினாள். சிநேகிதி பழைய பெஞ்சுக்குத் திரும்பியது மருந்து வேலை செய்வதற்கு இரண்டு வாரம் முன்பே. நான்காவது மாதம் வட்டத்தின் நடுவில் பூனைமுடிபோல வெள்ளையாக முளைத்தது. ஆச்சிக்கு ஏமாற்றம், பிள்ளைக்கு நரை வந்துவிட்டதே என்று. பாதி கறுப்பதற்குள் காதுக்கு மேலே இன்னொரு சிறு வட்டம் விழுந்தது, அதற்கும் இப்போது மருந்து போய்க்கொண்டிருக்கிறது. தலைபின்னும்போது அக்காவின் கை அந்த இடத்துக்கு வந்ததும் தயங்கினால், "அம்மா, அங்க எல்லாமே இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறாள்.